உடைமரத்தில் ஒரு மஞ்சள் கூடு

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது என்னைச் சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். வளர்க்கக் கொடுப்பதைச் சொல்கிறேன். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணமாகிப் பல வருடங்கள் கழிந்தும் பிள்ளை இல்லை. எங்கள் அய்யாவுக்கும் அம்மாவுக்குமோ மூன்று பேர். மூத்தவளைக் கொடுத்தால் அம்மாவுக்குக் கைவேலைக்கு ஆள் கிடையாது. கடைக்குட்டி ஆண்பிள்ளை, அவனைக் கேட்கும் தைரியம் யாருக்கும் வராது. ஆக, மிஞ்சியது நான்தான்.

இதில் நான் கலங்கிப்போனேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு ஒரே கொண்டாட்டம். சித்தப்பா தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போதெல்லாம் மக்ரூன் பொட்டலத்தோடு வருவார். அங்கே போனால் டையும் ஷூவும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகலாம், துறைமுகத்தில் கப்பல் பார்க்கலாம், சைக்கிள் வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தார். சாயல்குடிக்குத் தெற்கே, மாரியூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருந்தது? களத்தில் காயும் மிளகாய், பனை, உடைமரம், ஆடு. கடலும் இருந்தது. ஆனால் எந்நேரமும் அங்கேயே கிடக்கும் கடலுக்கு என்ன மதிப்பு?

பேச்சு முடிந்தது ஒரு சாயங்காலம், மிளகாய் அள்ளும் களத்தில். சித்தப்பா சுற்றி வளைத்துத்தான் கேட்டார். அய்யா சாக்கைப் பிடித்தபடியே, "எம் பிள்ளை என்ன, ஒம் பிள்ளை என்ன? கூட்டிட்டுப் போய்ப் படிக்க வையி" என்று சொல்லிவிட்டார். அம்மா சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. நெடி ஏறிவிட்டதாகச் சொல்லி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மிளகாய்க் களத்திலேயே வளர்ந்தவளுக்கு அன்றைக்குப் பார்த்து நெடி ஏறியது.

சித்தி மட்டும் ஒரு தவணை கேட்டாள். "பங்குனிப் பொங்கல் வரைக்கும் பொறுங்க. ஆத்தாவுக்குத் தொட்டில் கட்டியிருக்கேன். அவ கண்ணத் தொறக்குறாளான்னு பாப்போம். தொறக்கலைன்னா பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்றாள். அதுவரை எங்கள் வீட்டிலேயே இருந்த சித்தியை, பொங்கல் முடிந்ததும் சித்தப்பா தூத்துக்குடியில் வாடகை வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. கூடவே நான் போவதா வேண்டாமா என்பது ஆத்தா கையில் இருந்தது.

ஆத்தா என்பது ஊருக்கு வெளியே, கடல்மணல் தொடங்கும் இடத்தில் இருந்த காளி. கூரைகூட இல்லாத கோயில். குடை விரித்ததுபோல் நிற்கும் பெரிய உடைமரம் ஒன்றுதான் அவளுக்கு நிழல். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் தாங்கள் உடுத்திய சேலையில் ஒரு துண்டு கிழித்து, அதற்குள் சின்னக் கல் ஒன்றைப் போட்டு, முள்ளுக்கு நடுவே கிளை பார்த்துத் தொட்டில்போல் கட்டித் தொங்கவிடுவார்கள். கல்தான் பிள்ளை. காற்றடித்தால் அத்தனை தொட்டிலும் ஆடும். வரம் கிடைத்தவர்கள் மரத்தொட்டில் வாங்கிவந்து கட்டுவார்கள். துணித்தொட்டில் நிறைய இருந்தது, மரத்தொட்டில் கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் அதை யாரும் எண்ணிப் பார்த்து ஆத்தாவிடம் கணக்குக் கேட்டதில்லை. சித்தி மஞ்சள் சேலை ஒன்றைக் கிழித்துத் தாழ்ந்த கிளை ஒன்றில் கட்டியிருந்தாள்.

அந்த மரத்தில் தொட்டில்களைத் தவிர வேறு சிலவும் தொங்கின. கட்டைவிரல் நீளத்தில், சுள்ளிகளை வரிசையாக அடுக்கிக் கட்டிய சின்ன விறகுக் கட்டுகள். பிள்ளைகள் நாங்கள் அதை விறகுக்கட்டுப் பூச்சி என்போம். உள்ளே ஒரு புழு இருக்கும். வாயில் ஊறும் நூலால் பை பின்னி, பைக்கு வெளியே முள்ளையும் குச்சியையும் நறுக்கி ஒட்டிக்கொண்டு, வீட்டைச் சுமந்தபடியே மேயும். தலையும் முன்னங்கால்களும் மட்டும் வெளியே வரும். தொட்டால் சடக்கென்று உள்ளே போய் வாசலை இறுக்கிக்கொள்ளும். உடம்பு வளர வளரப் பையையும் நீட்டிக் கட்டிக்கொள்ளும். முற்பிறவியில் அடுத்தவன் விறகைத் திருடியவன்தான் இப்படிப் பிறக்கிறான் என்று அக்கா என்னைப் பயமுறுத்தியிருந்தாள். எனக்குப் பயம் வரவில்லை. அதை என்னவெல்லாம் செய்யலாம் என்ற யோசனைதான் வந்தது.

செய்தது இதுதான். குட்டிப் புழு ஒன்றைப் பிடித்து, பையின் பின்பக்கம் ஈர்க்குச்சியால் மெல்ல மெல்லத் தள்ளி வெளியே எடுத்து, ஊறுகாய் பாட்டிலுக்குள் உடை இலையோடு விட்டேன். சுள்ளி எதுவும் போடவில்லை. சித்தி தையல் மிஷின் வைத்து ஊருக்கே ரவிக்கை தைப்பவள். அவளுடைய வெட்டுத்துணிப் பையிலிருந்து தொட்டிலுக்குக் கிழித்ததில் மிஞ்சிப் பளிச்சென்று கிடந்த மஞ்சள் துணியாக எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன். அம்மணமாய்க் கிடந்த புழு கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்தது. பிறகு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டதுபோல் ஒவ்வொரு துணுக்காக இழுத்து ஒட்ட ஆரம்பித்தது. சில நாளில் ஊரிலேயே சேலை கட்டிய புழு என்னிடம்தான் இருந்தது. சித்தியோ, "என் கத்திரிய எவ எடுத்து மொக்கையாக்குனது?" என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குப் புழு என்றாலே உடம்பு கூசும். கத்தரிக்காயில் ஒன்றைக் கண்டால் கூடையையே கவிழ்த்துவிடுவாள். ஒருநாள் என்னுடைய மஞ்சள் புழு பாட்டிலை விட்டு வெளியேறி அரிசிப் பானை விளிம்பில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. "இந்தக் கழுதைய எடுத்த மரத்துலயே கொண்டுபோய் விட்டுட்டு வா. இல்லைனா ஒன்னையும் சேத்து வெளிய தள்ளிருவேன்" என்றாள். கொண்டுபோய் விட்டேன். என் கைக்கு எட்டிய கிளை ஒன்றே ஒன்றுதான். அதில் சித்தியின் தொட்டில் கட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். வேறு நினைப்பு எதுவும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சித்தி கோயிலுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். வெற்றிலை பாக்குத் தட்டோடு மரத்தைச் சுற்றிவந்த சித்தி, தன் தொட்டிலுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கட்டிய மஞ்சள் தொட்டிலுக்குப் பக்கத்தில், அதே மஞ்சள் துணியில், சுண்டுவிரல் அளவில் இன்னொரு தொட்டில் தொங்கியது. அது அசைந்தது. காற்றே இல்லை, மற்றவை எல்லாம் சும்மா கிடந்தன. தட்டு சரிந்து பாக்கு மணலில் உருண்டது.

"ஏத்தா, இங்கன பாருடி! எஞ் சேலைடி இது! உள்ளுக்குள்ள உசுரு அசையுதுடி!"

"அது என் புழு சித்தி. ஒங்க வெட்டுத்துணியத்தான் நறுக்கிப் போட்டேன். நாந்தான் கொண்டாந்து விட்டேன்" என்றேன் நான். இவ்வளவு அழகான பூச்சி யாருடையது என்பதில் சந்தேகம் வந்துவிடக் கூடாதே.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "ஒன்னைய யாரு இங்கன கொண்டாந்து விடச் சொன்னது?"

"அம்மா."

"ஒங்க அம்மாவுக்குச் சொன்னது யாரு?"

சித்திக்கே பதில் தெரிந்திருந்தது. மரத்தடியில் விழுந்து கும்பிட்டாள். அரிசிப் பானையில் புழு ஏறியதும் அம்மா கத்தியதும் ஆடு கயிற்றை அறுத்ததும்கூட ஆத்தாவின் ஏற்பாடாகிவிட்டன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் வருடக்கணக்காகப் பனைக்குக் கீழேயே நின்றவளிடம் அதைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? பூசாரிக்கும் வரவில்லை. "ஆத்தா கணக்கு நமக்கு என்னத்தத் தெரியும்" என்று கிளைக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்த சித்தப்பா செல்போனில் படம் எடுத்து அய்யாவிடம் காட்டினார். அய்யா போனைக் கிட்டே பிடித்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் தச்சிருக்கு" என்றார்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. தண்ணீர்க் குழாயடியில் இதே பேச்சு. ஆள் ஆளுக்கு வந்து பார்த்தார்கள். நான் உடைமைக்காரி என்பதால் கூடவே நின்று விளக்கம் சொன்னேன். எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று வட்டமாக அம்புக்குறி போட்டிருக்கும். அதை விரலால் தொட்டுக் காட்டி, "உள்ளேயே தூங்கி எந்திரிச்சு, றெக்கை மொளச்சு வெளிய வரும் சித்தி. எல்லாப் புழுவும் அப்படித்தான்" என்றேன். சித்தி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். றெக்கை முளைத்து எது வெளியே வந்தாலும் அன்றைக்கே தன் வயிற்றிலும் ஒன்று தங்கிவிடும் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள்.

மாசி பிறந்தபோது மஞ்சள் கூடு நல்ல கட்டைவிரல் அளவுக்கு வளர்ந்திருந்தது. புதிதாகச் சேர்த்த பகுதியில் மட்டும் முள்ளும் சுள்ளியும் இருந்தன. பட்டுச்சேலையைக் கட்டி அதன்மேல் சாக்கைச் சுற்றிக்கொண்டதுபோல் இருந்தது. பிறகு ஒருநாள் புழு மேய்வதை நிறுத்தி, கிளையோடு கூட்டை நூலால் இறுக்கிக் கட்டி, வாசலை அடைத்துக்கொண்டது. இனிமேல் காத்திருக்க வேண்டியதுதான் என்று நான் ஊருக்கு அறிவித்தேன்.

அக்காதான் என்னைக் குழப்பிவிட்டாள். "ஏ லூசு, பூச்சி வெளிய வந்துட்டா சித்திக்குப் பிள்ளை பெறக்கும். அப்புறம் ஒன்னைய எதுக்குத் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போறாக?" என்றாள். அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. பூச்சியும் வேண்டும், சைக்கிளும் வேண்டும். இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பஸ் கிளம்பியதும் பூச்சி வெளியே வரட்டும். ஆத்தாவிடம் அப்படியே வேண்டிக்கொண்டேன். ஆத்தாவுக்கு அந்த வருடம் ஒரே கிளையில் எத்தனை விண்ணப்பம்!

அம்மாவின் விண்ணப்பமும் அதில் இருந்தது. புழுவைக் கண்டால் கூடையைக் கவிழ்ப்பவள், தினமும் சாயங்காலம் கடலோரத்து ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லிக் குடத்தோடு கோயில் பக்கம் போனாள். வீட்டு வாசலிலேயே குழாய் இருந்தது. ஆடுகள் எட்டிக் கடித்துவிடாமல் அந்தக் கிளைக்குக் கீழே முள் வெட்டிப் போட்டதும் அவள்தான். கை முழுக்கக் கீறல். ஒருநாள் நான் பின்னாலேயே போனேன். அம்மா கூட்டுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், "சீக்கிரம் வெளிய வந்துருத்தா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குடம் காலியாக இருந்தது. அம்மாவுக்கும் என் பூச்சிமேல் ஆசை வந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மரத்தில் மற்ற கூடுகள் சிலவற்றிலிருந்து பூச்சிகள் வெளியே வரத் தொடங்கின. சின்னதாய், பழுப்பாய், உடம்பெல்லாம் ரோமத்தோடு ஓர் அந்துப்பூச்சி. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் றெக்கை இருந்தது. அது வந்தபின் கூட்டின் அடிவாயில் காய்ந்த கூட்டுப்புழுத் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்தே எது திறந்தது, எது திறக்கவில்லை என்று சொல்லிவிடலாம். நம்முடையது திறக்கவில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் சித்தியும் நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெளியிலிருந்து ஓர் அந்து பறந்துவந்து மஞ்சள் கூட்டின் அடியில் தொற்றியது. றெக்கை படபடக்க, வாலை நீட்டிக் கூட்டுக்குள் விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு போய்விட்டது.

"கூப்பிட வந்துருக்கு" என்றாள் சித்தி. "நாளைக்கு வந்துரும் பாரு."

நாளைக்கும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பொங்கலுக்கு முதல் நாள், மரத்தடியைக் கூட்டித் தெளிக்கப் போன சித்தி, கூட்டுக்கு நேர் கீழே மணலில் எறும்பு மொய்ப்பதைக் கண்டாள். நான் எறும்பை ஊதிவிட்டு எடுத்துப் பார்த்தேன். வெளிறிய மஞ்சளில், சுருங்கி வதங்கிய சின்ன உடம்பு. கால் என்று சொல்ல எதுவும் இல்லை. றெக்கை இல்லவே இல்லை. உயிரும் இல்லை.

"செத்துப்போச்சு சித்தி" என்றேன். "றெக்கையே மொளைக்கல. எப்படியோ கீழ விழுந்துருச்சு."

சித்தி விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அந்நேரம் பார்த்து அம்மா குடத்தோடு வந்துசேர்ந்தாள். என் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று. "அது வேற ஏதாச்சும் புழுவா இருக்கும்த்தா. மரத்துல ஆயிரம் புழு கெடக்கு" என்றாள். சொன்ன அவளே நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. சித்தி, "இல்லக்கா, இதுதான்" என்று மட்டும் சொன்னாள். மூன்று பேரும் வரிசையாக வீட்டுக்கு வந்தோம். நான் மனசுக்குள் சைக்கிளுக்கு நிறம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பங்குனிப் பொங்கல் நடந்தது. பானை பொங்கியது, குலவை போட்டார்கள், கிடாய் வெட்டினார்கள். சித்தி எல்லோரோடும் நின்று எல்லாம் செய்தாள். தவணை முடிந்துவிட்டதால் என் பயணம் உறுதியாகிவிட்டது. முழுப் பரீட்சை எழுதியதும் அவர்களோடேயே கிளம்ப வேண்டியது. சித்தி எனக்குக் கவுன் தைத்தாள். தோளைத் தொட்டு, இடுப்பைச் சுற்றி, முழங்கால் வரை டேப் பிடித்து அளவெடுத்தபோது அவள் கை என் முதுகிலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. "தூத்துக்குடியில நான் ஒன்னைய எப்படி வச்சுக்குவேன் பாரு" என்றாள். அவளுக்கு என்மேல் கொள்ளை ஆசை. அது எனக்கு நன்றாகத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் நான் ஆடிக்கொண்டிருந்தேன். அம்மா அந்த நாட்களில் பேச்சைக் குறைத்து, சமையலில் உப்பைக் கூட்டினாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் எனக்கு ஓர் ஆசை. என் மஞ்சள் கூட்டைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக வேண்டும், புதுப் பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டும். காலிக் கூடுதானே. சித்தியை இழுத்துக்கொண்டு போனேன். பூச்சி கட்டிய நூல் லேசில் அறுபடாது. பிய்த்துப் பார்த்து முடியாமல், சித்தி இடுப்பில் செருகியிருந்த கத்திரியை எடுத்தாள். கிளையோடு ஒட்டிய இடத்தை வெட்டும்போது கத்திரி நழுவி, கூட்டின் பக்கவாட்டில் ஒரு கீறல் விழுந்தது.

உள்ளே காலியாக இல்லை. உடைந்த கூட்டுப்புழுத் தோலுக்குள், பஞ்சுபோன்ற ரோமத்தின் நடுவே, கசகசாவைக் கொட்டி அடைத்ததுபோல் வெளிர்மஞ்சளாய் நெருக்கி அடுக்கியிருந்தது.

"என்னடி இது?"

"முட்டை சித்தி!" நான் குதித்தேன். "எம்புட்டு முட்டை!"

"அப்ப கீழ விழுந்து கெடந்தது?"

நான் யோசித்தேன். பாடப் புத்தகத்து வட்டத்தில் அதற்கு இடம் இல்லை. ஆனாலும் கணக்கு நேராக இருந்தது. "அதுதான் அம்மா" என்றேன்.

இதையெல்லாம் பிறகு தூத்துக்குடியில், கல்லூரியில் விலங்கியல் படித்தபோது ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். இந்த இனத்தில் பறப்பது ஆண் மட்டும்தான். பெண்ணுக்குச் சிறகு முளைப்பதே இல்லை. புழுவாகக் கட்டிய பையை அவள் விட்டு வெளியே வருவதுமில்லை. உள்ளே இருந்தபடியே வாசனை விட்டு ஆணை வரவழைப்பாள், உள்ளேயே முட்டையிடுவாள். உடம்பில் இருப்பதையெல்லாம் இட்டு முடித்துச் சுருங்கியபின், அடிவாய் வழியாக நழுவிக் கீழே விழுந்து சாவாள். வெளியே வரும் ஒரே தடவை அதுதான். குஞ்சுகள் பொரிந்ததும் அதே வழியாக இறங்கி, ஆளுக்கொரு நூல் விட்டு, காற்று கொண்டுபோகும் மரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பாடம் நடத்தியவர் இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். மதியம் சித்தி வீட்டுக்கு வந்து நான் அவளிடம் சொன்னேன். அந்த மூன்று வருடமும் நான் தங்கியது அவள் வீட்டில்தான். கடைசிவரை அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. "அன்னைக்கே பாத்தோமேடி" என்று சொல்லிவிட்டு அவள் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அந்த மரத்தடியில் சித்தி கத்திரியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள். ரவிக்கை ஓரத்தில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். சேலை முந்தியிலிருந்து மஞ்சள் நூல் ஒன்றை உருவி, வாயில் நனைத்துக் கோத்தாள். உள்ளே இருந்த ஒரு முட்டையும் நசுங்காமல், கீறலை நெருக்கமாகத் தைத்து மூடினாள். ஊருக்கெல்லாம் தைத்தவள் அவ்வளவு மெதுவாகத் தைத்து நான் பார்த்ததில்லை. பிறகு கூட்டைப் பழைய கிளையிலேயே கட்டி முடிச்சுப் போட்டாள்.

"சித்தி, நான் கொண்டுபோகணும்னு சொன்னேன்ல?"

"வேணாம்த்தா" என்றாள். "இங்கனயே இருக்கட்டும்."

அது பொரிந்ததை நான் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாளாம். தூசிபோல் நூலில் இறங்கி இறங்கிப் போயினவாம்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி நேராக அடுப்படிக்குப் போனாள். அம்மா எனக்குக் கட்டுச்சோற்றுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து புதுச் செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பிள்ளை இங்கனயே இருக்கட்டும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒண்ணுமே சொல்லலையே."

"நீங்க சொல்ல மாட்டீக. அதான் நான் சொல்றேன்."

"தம்பி என்ன சொல்லுவாகளோ. இவுக வேற வாக்குக் குடுத்துட்டாக."

"நான் பேசிக்கிறேன்" என்றாள் சித்தி.

அம்மா அப்படியே புளிச்சட்டியோடு தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். சித்தி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். என்ன சண்டை என்று விசாரிக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. சித்திக்கு என்னை வேண்டாமாம். அளவெடுத்துக் கவுன் தைத்து, ஆசை காட்டிவிட்டு, கடைசி நாளில் வேண்டாமாம். நான் என்ன தப்புச் செய்தேன்? மொக்கையான கத்திரிக்காகவா இவ்வளவும் என்று அன்று பூராவும் யோசித்துச் சாப்பிடாமல் கிடந்தேன்.

மறுநாள் சாயல்குடியில் அவர்களைப் பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனோம். நான் சும்மா விடுவேனா? கூட்டத்தில் புகுந்து எல்லோருக்கும் முன்னால் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி, சித்திக்கு இடம் பிடித்து, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அய்யா கீழே நின்று அதட்டினார். சித்தப்பா சாமான்களைப் பின்னால் ஏற்றிவிட்டு வந்தார். அம்மா ஜன்னலுக்கு நேர் கீழே, முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிடக்கூட இல்லை. பஸ் உறுமியது. கண்டக்டர் பையை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, "தூத்துக்குடி ரெண்டு. பாப்பாவுக்கு அரை டிக்கெட் எடுத்துரவா?" என்று கேட்டார்.

சித்தப்பாவின் கை சட்டைப்பைக்குள் போய் நின்றுவிட்டது. அவர் சித்தியைப் பார்த்தார். நானும் சித்தியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், ஆமாம் என்றால் முடிந்தது.

சித்தி என் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். என்னை இழுத்து நெஞ்சோடு ஒரு தடவை சேர்த்து இறுக்கி, அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் நின்று அம்மாவின் கையில் கொடுத்தாள். கேட்டவர் கண்டக்டர். ஆனால் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

"இல்லண்ணே. இது அவுக அம்மா பிள்ளை."

இது எனக்குத் தெரியாதா என்ன? ஊருக்கே தெரிந்ததுதானே? இதைப் போய் முன்பின் தெரியாத ஒரு கண்டக்டரிடம் எதற்காகச் சொல்ல வேண்டும் என்று, பஸ் திரும்பி மறையும்வரை, எனக்கு அழுகையை மீறிக்கொண்டு கோபம் வந்தது.